அம்மாவின் அறைக்கு எட்டாத அலை

“தம்பி, அவனுக்கு என்னிலை ஏதும் கோபமோ?”

சென்ற தைப்பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை இரவு என் தாயார் என்னிடம் கேட்ட கேள்வி இது. ‘அவன்’ என்று அவர் குறித்தது ரொறன்ரோ நகரில் வாழும் என் இளைய சகோதரனை. ஞாயிறுதோறும் எங்களுக்கு இரவு எட்டரை மணியாகும் பொழுது அங்கே காலை பத்து மணி. அந்நேரத்தில் அவன் கைத்தொலைபேசியில் முகம் காட்டிப் பேசுவான். பேச்சு இரண்டு நிமிடம் நடக்கும். பின்னர் அவன் முகம் திறந்த வாயோடு அப்படியே உறைந்துவிடும். குரல் அறுந்து போகும். மறுபடி அழைப்பான், மறுபடியும் அதே கதை. மூன்றாம் தடவைக்கு மேல் அவனும் அழைப்பதில்லை.

எண்பத்தேழு வயது மூதாட்டிக்கு இதற்கு யந்திரத்தின் மீது பழிபோடத் தெரியவில்லை. அவர் அறிந்த வரையில் பேச்சை இடையில் நிறுத்துபவன் மனிதனேயன்றி யந்திரமன்று. அப்படி அவர் எண்ணுவதற்கு ஒரு காரணமும் உண்டு. தம்பி நாட்டை விட்டுப் புறப்பட்டது 1989 இல். அடுத்த ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்பதாயின் கொழும்புக்குப் போகவேண்டும். 1993 இல் கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்து வெள்ளவத்தை சென்ற அம்மா, அங்கு ஒரு விடுதியில் இரண்டு நாட் காத்திருந்தார். வந்த அழைப்பு மூன்று நிமிடத்தில் அறுந்தது. அதன் பிறகு தம்பியைப் பற்றி ஒரு சேதியும் அறியாமற் பதினொரு மாதங்கள் கழிந்தன. அந்தப் பதினொரு மாதங்களும் இன்றும் அவர் நெஞ்சில் இருக்கின்றன. பாதியிற் பேச்சு நின்றால் அவருக்கு நித்திரை வருவதில்லை.

“முன் மண்டபத்துக்கு வந்திருந்து பேசலாமே” என்று வாசகர் கேட்கக்கூடும். இரண்டு வருடங்களுக்கு முன் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நாள் முதல் அம்மா கட்டிலோடு இருக்கிறார். அவரைக் கதிரையில் வைத்துத் தூக்கி மண்டபத்துக்குக் கொண்டு வந்தோம், ஒரே ஒரு முறை. வந்துபோவோர் கண்ணிற் படும்படி அவ்வாறு இருந்ததற்கு அவர் பட்ட வெட்கத்தைக் கண்டபின் நாங்கள் மறுபடி அதனைச் செய்யத் துணியவில்லை. அவருடைய அறை வீட்டின் பின்கோடியில், குசினிக்கும் அப்பால் இருக்கிறது. அதன் யன்னலால் கிணற்றடியும் முருங்கை மரமும் தெரியும். ஆகவே அம்மாவை அலைக்கு அருகிற் கொண்டுவருவது முடியாத காரியம். அலையைத்தான் அம்மாவிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது.

இதற்கு வழி ஒரே வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ரவுட்டர்களை வைப்பதுதான். அகராதி செய்வோர் ரவுட்டரைத் ‘திசைவி’ என்கிறார்கள், நல்ல சொல்லே. ஆயின் எங்கள் வீட்டில் ஒருவர் வாயிலும் அது வருவதில்லையாகையால் நானும் ரவுட்டர் என்றே எழுதுகிறேன். இரண்டாவது பெட்டியை வாங்கி மின்சாரத்திற் சொருகிவிட்டால் வேலை முடிந்தது என்று நானும் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தினால் எனக்கு நேர்ந்த இடர்களை எழுதினால், இதே வேலையிற் கைவைக்கப் போகிறவர்களுக்கு ஓரிரு இரவுகளாவது மிஞ்சும்.

முதலில் அலை ஏன் எட்டவில்லை என்பதைப் பார்ப்போம். எங்களுடையது பாட்டனார் கட்டிய நாற்சார் வீடு. நடுவே வானம் பார்த்த முற்றம். அதனைச் சுற்றி நாற்புறமும் விறாந்தை. விறாந்தையை ஒட்டி அறைகள். முருகைக்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுப்பிய சுவர்கள். ஒன்றரை அடிக்குக் குறைந்த சுவர் ஒன்றேனும் இல்லை. குசினிச் சுவர் இரண்டடி. சித்திரை வெயிலிலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். வெயிலை வெளியில் நிறுத்தும் அதே சுவர் வானொலி அலையையும் நிறுத்தும் என்பதைப் பாட்டனார் எவ்வாறு அறிவார்!

ரவுட்டர்கள் பெரும்பாலும் இரு அலைவரிசைகளிற் பேசுகின்றன. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்ரிமீற்றர், 5 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் அதிற் பாதியளவு. பின்னையது வேகமானது; ஆனால் சுவரைக் கண்டால் விரைவிற் சோர்ந்துவிடும். முன்னையது மெதுவானது, சற்றுத் தொலைவு செல்லும். இரண்டுமே ஈரம் ஊறிய கல்லில் வலுவிழக்கும். இரும்புத் தகட்டை ஊடுருவவே மாட்டா. குசினிச் சுவரின் மறுபுறத்தில், அம்மாவின் அறையிலே, அவருடைய சீதன இரும்பு அலுமாரி சுவரோடு சுவராக நிற்கிறது என்பதையும் இங்கு சொல்லிவிட வேண்டும்.

அலையின் வலுவை அளந்து காட்டும் சிறு செயலிகள் கைத்தொலைபேசிக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றைத் திறந்துகொண்டு வீடு முழுதும் நடந்தேன். ரவுட்டருக்கு அருகில், மண்டபத்தில், −40. முற்றத்து விறாந்தையில் −58. குசினி வாசலில் −71. அம்மாவின் கட்டிலருகில் −86. இவ்வளவையிலே பத்து இறங்கினால் வலு பத்திலொன்றாகிறது. இருபது இறங்கினால் நூறிலொன்று. அதாவது, மண்டபத்தில் இருக்கும் வலுவில் ஏறத்தாழ நாற்பதினாயிரத்தில் ஒரு பங்கே அம்மாவின் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தது. தடையின்றிப் பேசுவதற்கு −67 க்குக் கீழே இறங்கலாகாது என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. தம்பி மீது குற்றமில்லை என்பது எனக்கு எண்களால் உறுதியாயிற்று. அம்மாவிடம் அந்த எண்களைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

முதலில் ஒரு கடைக்குச் சென்று, அங்கு நின்ற இளைஞர் சொற்கேட்டு, ‘ரிப்பீற்றர்’ என்னும் சிறு கருவியை வாங்கி வந்தேன். சுவரிலுள்ள மின்துளையிற் சொருகினாற் போதும். ரவுட்டரின் அலையை வாங்கி மறுபடி உரத்துச் சொல்லும். அலை தேவைப்படும் இடம் அம்மாவின் அறையல்லவா? அங்கேயே, கட்டிலின் தலைமாட்டிற் சொருகினேன். கைத்தொலைபேசியிற் கோடுகள் எல்லாம் நிறைந்து காட்டின. அம்மாவும் மகிழ்ந்தார். அன்றிரவு தம்பியின் முகம் ஒன்றரை நிமிடத்தில் உறைந்தது.

அந்தக் கோடுகள் காட்டியது கைத்தொலைபேசிக்கும் தலைமாட்டிலிருந்த கருவிக்கும் இடையிலுள்ள உறவை மட்டுமே. அந்தக் கருவிக்கும் மண்டபத்து ரவுட்டருக்கும் இடையிலே பழைய இரண்டடிச் சுவரும் இரும்பு அலுமாரியும் அப்படியே இருந்தன. தானே சரிவரக் கேளாத ஒன்றை ஒருவன் எப்படித் திருப்பிச் சொல்வான்? ரிப்பீற்றரை வைக்க வேண்டிய இடம் அலை தேவைப்படும் இடமன்று. அலை இன்னும் நன்றாக இருக்கின்ற கடைசி இடம். மறுநாள் அதனை முற்றத்து விறாந்தைக்கு மாற்றினேன். நிலைமை சிறிது திருந்தியது. ஆனால் வேகம் பாதியாயிற்று.

ஏன் பாதி? கம்பியில்லாத் தொடர்பு எதுவும் ஒரே காற்றைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடாகும். 1971 இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன் என்பவரும் அவர் தோழர்களும் தீவுகளிலிருந்த கணினி முனையங்களை வானொலி அலையால் இணைத்தனர். ‘அலோகா’ என்பது அதற்கிட்ட பெயர். எல்லாரும் பேசுவது ஒரே அலைவரிசையில். இருவர் ஒரே கணத்திற் பேசினால் இருவர் பேச்சும் கெடும். கெட்டால் ஆளுக்கொரு சிறு இடைவேளை விட்டு மறுபடி பேச வேண்டும். இன்றைய வைபை, பேசுமுன் காது கொடுத்துக் கேட்கும் பண்பைச் சேர்த்துக்கொண்ட போதிலும், அந்த முறையின் வழித்தோன்றலே. என் ரிப்பீற்றருக்கு இருந்தது ஒரே வாய், ஒரே காது. ஒரு சொல்லை ரவுட்டரிடம் கேட்டு, அதன் பின் அதே சொல்லைக் கைத்தொலைபேசிக்குச் சொல்ல, அதே காற்று இரண்டு தடவை செலவாகிறது. இன்று ‘மெஷ்’ என்ற பெயரில் விலைகூடிய பெட்டிகள் வருகின்றன. அவற்றுட் சில தமக்குள் பேசுவதற்கென்றே தனி அலைவரிசை வைத்திருக்கின்றன. பலகைச் சுவர் வைத்த வீடுகளுக்கு அவை மெத்த நல்லவை. முருகைக்கல்லுக்கு முன்னால் அவையும் காற்றைத்தானே நம்பி நிற்கவேண்டும்?

ஆகவே காற்றை விட்டுக் கம்பிக்குத் திரும்பினேன். கம்பியில்லாத் தொடர்பைச் செம்மையாக்கக் கம்பி வேண்டியிருப்பது வேடிக்கைதான். மண்டபத்து ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை அம்மாவின் அறை வரை இழுத்து, அதன் நுனியில் இரண்டாவது ரவுட்டரைப் பொருத்திவிட்டால், நடுவிலுள்ள சுவர்கள் எத்தனை அடியாயினும் கவலையில்லை. பைபர் இணைப்பு வருமுன் தொலைபேசிக் கம்பி வழியாக நாங்கள் பாவித்த பழைய ரவுட்டர் ஒன்று அலுமாரியிற் கிடந்தது. முகம் பார்த்துப் பேசுவதற்கு விநாடிக்கு ஒன்றிரண்டு மெகாபிற் போதுமாகையால் அந்தப் பழம்பெட்டியே தாராளம்.

கேபிள் இழுத்த கதையை விரித்தெழுதாமல் இருக்க முடியவில்லை. மண்டபத்திலிருந்து முற்றத்தைக் குறுக்கே கடந்தால் 16 மீற்றர். விறாந்தைக் கூரையின் வளையோடு சுற்றிப் போனால் 34 மீற்றர். இவ்வகைக் கேபிள் 100 மீற்றர் வரை குறைவின்றி வேலை செய்யும். ஆகையால் நீளம் ஒரு பொருட்டன்று. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊரில் இடிமின்னலுக்குக் குறைவில்லை. வளவிலே பனைகள் வேறு. வெட்டவெளியிற் செப்புக் கம்பியைத் தொங்கவிடுவது மின்னலுக்கு வெற்றிலை வைத்து அழைப்பதற்கு ஒப்பாகும். சுற்றுவழியையே தேர்ந்தோம். மின்வேலை செய்பவர் இரண்டடிச் சுவரைத் துளைக்க முற்பகல் முழுவதும் எடுத்துக்கொண்டார். துளையிலிருந்து கொட்டிய சுண்ணாம்புத் தூளைப் பார்த்து அம்மா, “அப்புவின்ரை சுவரடா, பாத்து இடி” என்று கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மாலையில் இரண்டு பெட்டிகளையும் கேபிளால் இணைத்தேன். ஐந்து நிமிடத்தில் வீடு முழுவதும் இணையம் குழம்பிற்று. மகனுடைய கணினியில் வந்தது. மருமகளின் கைத்தொலைபேசியில் வரவில்லை. சற்று நேரத்தில் அவளுக்கு வந்தது, அவனுக்கு நின்றது. பேயோட்டுவதற்கு ஆள் கூப்பிடலாமா என்று என் மனைவி கேட்டாள். இதனைத்தான் நான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். இன்றும் பெருவழக்கிலுள்ள பழைய முறையில் உலகம் முழுவதற்கும் சுமார் 429 கோடி முகவரிகளே உண்டு. 2011 பெப்ரவரியில் அவற்றின் மத்திய கையிருப்பு தீர்ந்து போயிற்று. இந்தத் தட்டுப்பாட்டை முன்னறிந்தவர்கள் 1994 இல், வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் யாரும் பாவிக்கக்கூடிய முகவரிக் கூட்டங்கள் மூன்றை ஒதுக்கி வைத்தார்கள். 192.168 என்று தொடங்குவன அவற்றுள் ஒன்று. அடுத்த வீட்டிலும் அதே எண்கள் இருக்கலாம். வெளியுலகுக்கு வீடு முழுவதும் ஒரே முகவரியாகத் தோன்றும். அவ்வாறு தோன்றச் செய்பவர் வாசலில் நிற்கும் ரவுட்டர். உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் எண் வழங்குபவரும், வெளியே போக எந்த வாசல் என்று சொல்லி விடுபவரும் அவரே. எண் வழங்கும் இந்த ஏற்பாடு 1993 இல் முதன்முதல் வகுக்கப்பட்டது, டி.எச்.சி.பி. என்று எழுத்துக்களாற் குறிப்பார்கள்.

இப்பொழுது என் வீட்டில் நடந்ததைப் பாருங்கள். பழைய ரவுட்டரும் ஒரு காலத்தில் வாசலில் நின்றது. அந்தப் பதவியை அது மறக்கவில்லை. தன் முகவரி 192.168.1.1 என்றது, மண்டபத்து ரவுட்டரும் அதே முகவரியைத் தனதென்றது. இரண்டும் எண் வழங்கின. ஒரு குறிச்சிக்கு இரண்டு விதானைமார், இருவருக்கும் ஒரே பெயர், ஒரே கந்தோர்! மருமகளின் கைத்தொலைபேசி ‘வாசல் எது?’ என்று கேட்கும்போது யார் முந்திக்கொண்டு பதில் சொல்கிறாரோ அவரிடம் போயிற்று. மண்டபத்தார் சொன்னால் உலகம் திறந்தது. பழையவர் சொன்னால், அவருக்கு வெளியே போக வழியே இல்லையாதலால், சுவரில் முட்டி நின்றது.

பழையதைப் பதவியிறக்குவதே பரிகாரம். கேபிளைக் கழற்றிவிட்டு, கணினியை நேரே அந்தப் பழைய பெட்டியோடு இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றியது முதல் வேலை. பிறகு அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கினேன். மண்டபத்து ரவுட்டர் 100 தொடக்கம் 199 வரையுமே எண் வழங்கும்படி வரையறுத்து வைத்தேன். இல்லையேல் அந்த இரண்டாம் எண்ணை அறியாமல் வேறொரு கருவிக்குக் கொடுத்துவிடக்கூடும். அதன் பின் பழைய பெட்டியின் எண் வழங்கும் அதிகாரத்தை, அதாவது டி.எச்.சி.பி.யை, நிறுத்தினேன். இறுதியாகக் கேபிளை மறுபடி இணைத்தபோது இரு முனைகளையும் சாதாரணத் துளைகளிலேயே சொருகினேன். வெளியுலகத் தொடர்புக்கென்று தனியாக இருக்கும் துளையை வெறுமையாக விட்டுவிட வேண்டும். இவ்வளவுடன் அது ரவுட்டர் என்ற பதவியை இழந்து, கம்பியில் வருவதை அலையாக்கியும் அலையில் வருவதைக் கம்பியில் இட்டும் அனுப்பும் எளிய சுமைதூக்கி ஆயிற்று. வீட்டில் எத்தனை பெட்டிகளும் இருக்கலாம். எண் வழங்குபவர் ஒருவராகவே இருக்க வேண்டும். முகவரியை முதலில் மாற்றி, அதிகாரத்தைப் பின்னர் நிறுத்தும் ஒழுங்கையும் கவனியுங்கள். தலைகீழாகச் செய்து, பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்கு மறுபடி போக வழி தெரியாமல், ஊசியால் அதன் பின்புறத்துப் பொத்தானை அழுத்திப் பிறந்த நிலைக்குக் கொண்டுவரும் சங்கடம் எனக்கு ஒரு முறை நேர்ந்தது.

பெயர் விடயம் ஒன்று உண்டு. இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே வைபைப் பெயரும், ஒரே கடவுச்சொல்லும், ஒரே பாதுகாப்பு முறையும் கொடுத்தால், கைத்தொலைபேசி நடக்க நடக்க ஒன்றிலிருந்து மற்றதற்குத் தானே மாறும். ஆனால் எப்பொழுது மாறுவது என்று தீர்மானிப்பது பெரும்பாலும் கைத்தொலைபேசிதான். அது பிடித்ததை எளிதில் விடுவதில்லை. என் மனைவி மண்டபத்திலிருந்து பேசிக்கொண்டே அம்மாவின் அறைக்குப் போனால், பக்கத்திலே புதுப் பெட்டி இருக்கவும், தொலைவிலுள்ள பழைய உறவையே பற்றிக்கொண்டு நின்றது. மண்டபத்து ரவுட்டரின் ஒலிபரப்பு வலுவைப் பாதியாகக் குறைத்தேன். குறைத்ததால் நன்மை விளையும் என்று யார் நம்புவார்? ஆயினும் இப்பொழுது குசினி வாசலிலேயே பிடி தளர்ந்து, அழைப்பு அம்மாவின் பெட்டிக்கு மாறிவிடுகிறது.

அலைவழிகளையும் வேறுபடுத்த வேண்டும். 2.4 கிகாஹேர்ட்ஸ் வரிசையில் வழிகளுக்கு 1 முதல் 13 வரை எண் இட்டிருக்கிறார்கள். ஆனால் அடுத்தடுத்த வழிகளுக்கு இடைவெளி 5 மெகாஹேர்ட்ஸ். ஒரு பேச்சுக்கோ 20 மெகாஹேர்ட்ஸ் அகலம் வேண்டும். ஆகையால் ஒன்றோடொன்று உரசாதிருக்கப் பெரும்பாலும் தேர்வது 1, 6, 11 ஆகிய மூன்றையே. மண்டபத்துக்கு 1, அம்மாவின் அறைக்கு 11 என்று வைத்தேன். மிஞ்சிய 6 க்கும் விரைவிலேயே ஆள் வந்தது.

தலைவாசலை ஒட்டிய அறையில் மகன் இரவில் இருந்து வேலை செய்கிறான். இரண்டு ரவுட்டர்களின் வெற்றியைக் கண்ட அவன், புதிதாக ஒன்று வாங்கி வந்து, பிளாஸ்ரிக் குழாயிற் கேபிள் புதைத்து, என்னிடம் கேளாமலே வெளித்தொடர்புத் துளையிற் சொருகிக்கொண்டான். அவனுக்கு இணையம் வந்தது; ஆகவே எல்லாம் சரி என்றான். ஆனால் அவன் அறையிலுள்ள அச்சுப்பொறிக்கு நாங்கள் ஒரு தாளை அனுப்ப முடியவில்லை. அவனுடைய ரவுட்டர் வீட்டுக்குள் இன்னொரு வீடு கட்டி, அதற்கு வேறு எண் வரிசை வழங்கி, தானே அதற்கு வாசற்காவலாகவும் நின்றது. உள்ளிருப்பவர் வெளியே போகலாம். வெளியிலிருப்பவர் உள்ளே வர இயலாது. கூட்டுக்குடும்பத்திலே தனிச்சமையல் என்று சொல்லிச் சிரித்தோம். புதிய பெட்டிகள் பலவற்றில் இதற்கு ஒரு தனி நிலை இருக்கிறது. ‘அக்சஸ் பொயின்ற்’ என்று எழுதியிருப்பார்கள். அதனைத் தெரிந்தால் நான் கையால் செய்த பதவியிறக்கம் அத்தனையையும் அதுவே செய்து கொள்ளும். எந்தத் துளையிற் சொருகினும் பழுதில்லை.

இடி முழங்கும் நாட்களில் தலைவாசற் கேபிளை மண்டபத்திற் கழற்றி விடுவது வழக்கம். ஒரு நாள் மழை ஓய்ந்தபின் அதனை மறுபடி சொருகும் பொறுப்பை ஏழு வயதுப் பேத்தி தானாகவே ஏற்றுக்கொண்டாள். சொருகியதோடு நில்லாமல், அருகில் ஒரு முனை ரவுட்டரிலும் மறுமுனை அந்தரத்திலுமாகத் தொங்கிய குட்டைக் கேபிள் ஒன்றையும் ஒழுங்குபடுத்தி, அதன் மறுமுனையை அதே ரவுட்டரின் இன்னொரு துளையிற் சொருகிவிட்டாள். பெட்டியின் விளக்குகள் எல்லாம் தீபாவளி மத்தாப்புப் போல மின்னின. ஒரு கருவிக்கும் இணையம் இல்லை. எல்லாருக்கும் என்று அனுப்பப்படும் அறிவித்தல் ஒன்று அந்தக் குட்டை வளையத்திற் புகுந்தால், ஓய்வின்றிச் சுற்றிச் சுற்றிப் பெருகி, வேறெதற்கும் இடம் விடாது. 1985 இல் ராடியா பேர்ல்மன் என்ற அம்மையார் இத்தகைய வளையங்களைக் கண்டறிந்து துண்டிக்கும் முறை ஒன்றை வகுத்தார். அலுவலகங்களிலுள்ள பெருங் கருவிகளில் அது இருக்கிறது. எங்கள் பெட்டியில் இல்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் சென்றது. “அப்பப்பா, தொங்கினது வடிவாயில்லை” என்றாள் பேத்தி. அதற்குப் பதில் என்னிடம் இல்லை.

இன்னொன்று: மின்சாரம். 2022 இல் ஒரு நாளிற் பதின்மூன்று மணி நேரம் வரை வெட்டப்பட்டதை அனுபவித்தவர்கள் நாங்கள். அந்நாளில் வாங்கிய சிறு மின்கலப் பெட்டி ஒன்று மண்டபத்து ரவுட்டரைத் தாங்கிக்கொண்டிருந்தது. மாசி மாதத்து ஞாயிறொன்றில் எட்டே முக்காலுக்கு மின்சாரம் போயிற்று. மண்டபத்திலே இணையம் நின்றது நின்றபடி இருக்க, அம்மாவின் அறையில் தம்பியின் குரல் அறுந்தது. அந்தக் கடைசிப் பெட்டிக்கும் மின்கலம் வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் இருட்டிலே ஓடிப் போய், மண்டபத்து அலையை எட்டுமிடம் வரை கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து, தம்பியை அழைத்து, “கறண்ட் போயிட்டுது எண்டு அம்மாவுக்கு உன்ரை வாயாலை சொல்லு” என்றேன். அவன் சொன்னதை ஒலிப்பதிவாக வாங்கிக்கொண்டு போய் அம்மாவின் காதருகில் வைத்தேன். இரண்டு தடவை கேட்டார். மறுநாளே இன்னொரு மின்கலம் வாங்கினோம். ரவுட்டரின் அடியில் எழுதியுள்ள வோல்ற்றளவும் மின்கலத்தின் வோல்ற்றளவும் ஒன்றாயிருக்க வேண்டும், எங்களுடையவை 12. சில பெட்டிகள் 9 வோல்ற்றில் ஓடுபவை. பாராமற் சொருகினாற் பெட்டி கருகும்.

பங்குனி முதல் ஞாயிறு வந்தது. அம்மாவின் கட்டிலருகில் செயலி −44 காட்டியது. எட்டரைக்குத் தொடங்கிய பேச்சு ஒன்பது மணிக்கும் நடந்தது. ஒன்பதே காலுக்கும் நடந்தது. தம்பி தன் வீட்டுப் பின்புறத்திற் பனி மூடிக் கிடந்ததைக் காட்டினான். அம்மா கிணற்றடிப் பக்கம் கைத்தொலைபேசியைத் திருப்பச் சொன்னார். இருட்டில் ஒன்றும் தெரியாது என்றும் கேளார். பத்து மணியாகும் போது அவர் குரலில் வேறொரு கவலை தொனித்தது.

“ஏனடா தம்பி, இண்டைக்கு இவ்வளவு நேரம் கதைக்கிறாய்? வேலை கீலை போட்டுதோ?”

அவன் சிரித்த சிரிப்பு மண்டபம் வரை கேட்டது. அழைப்பு முடிந்தபின் அம்மா என்னைக் கூப்பிட்டு, தலைமாட்டிலுள்ள பெட்டியின் பச்சை விளக்கு கண்ணைக் குத்துகிறது, அதன் மேல் ஒரு துணியைப் போட்டு விடு என்றார். துணி போட்டால் பெட்டி சூடேறும். பேத்தியின் பழைய கொப்பி மட்டையில் ஒரு துண்டை வெட்டி, விளக்குக்கு நேரே மட்டும் ஒட்டிவிட்டேன்.